வயசு எடுத்துக்கிட்டது எவ்வளவு, நாமளா விட்டது எவ்வளவு

பொங்கல் வந்தா நம்ம டெல்டா பக்கம் கபடி இல்லாத ஊரே கிடையாது, மன்னார்குடி பக்கம் போனாலும் சரி, பாபநாசம் பக்கம் போனாலும் சரி, ராத்திரி லைட்டு போட்டு விடிய விடிய நடக்கும். அந்த கிரவுண்டுல 32 வயசு ஆளு ஒருத்தர் பாடப் போனா சுத்தி நிக்கிற பசங்க "அண்ணே, உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம், ஓரமா உக்காந்து பாருங்கண்ணே"ன்னு சொல்றது ரொம்ப சாதாரணம். 40 தாண்டுனவருக்கு விசில் ஊதுற வேலை, 50 தாண்டுனவருக்கு பரிசு குடுக்குற வேலை. பொண்ணுங்க கணக்குலயே வரமாட்டாங்க. வயசானா உடம்பு இறங்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எப்போ இறங்க ஆரம்பிக்குது, எவ்வளவு வேகமா இறங்குது, ஆணுக்கும் பொண்ணுக்கும் அது ஒரே மாதிரியா இறங்குதான்னு பார்த்தா, நாம வயசு மேல போடுற பழியில பாதிக்கு மேல வயசோட தப்பே இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

முதல்ல உச்சம் எப்போங்கிறதைப் பார்ப்போம், ஏன்னா அது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். உசைன் போல்ட் 2009ல பெர்லின்ல 100 மீட்டரை 9.58 செகண்டுல ஓடுனப்போ வயசு 22. நீச்சல்லயும் பெரும்பாலும் 20களோட தொடக்கத்துலயே உச்சம் வந்துடும். மாரத்தான் மாதிரி நீண்ட தூரத்துல அது 30ஐ ஒட்டி வரும், சில பேருக்கு இன்னும் தள்ளிக்கூட வரும். கென்யாவோட கெல்வின் கிப்டம் 2023ல சிகாகோவுல 2 மணி 35 செகண்டுல (2:00:35) மாரத்தானை முடிச்சு உலக சாதனை வச்சப்போ 23 வயசு, ஆனா எலியுட் கிப்சோகே 2022ல பெர்லின்ல 2:01:09ன்னு அப்போதைய உலக சாதனை வச்சப்போ 37 வயசு. இன்னொருத்தர் கிம் காலின்ஸ், செயின்ட் கிட்ஸ் நெவிஸ்ங்கிற குட்டித் தீவு நாட்டுக்காரர், 2003ல உலக சாம்பியன் ஆனவர், அவர் தன்னோட வாழ்நாள் சிறந்த 100 மீட்டர் நேரமான 9.93ஐ ஓடுனது 2016ல, 40 வயசுல. ஸ்பிரிண்ட்ல இது அபூர்வம்தான், எல்லாருக்கும் நடக்காது. ஆனாலும் 32 வயசுக்காரரை ஓரமா உக்காரச் சொல்ற பசங்களுக்கு இதைச் சொல்லணும். நம்ம லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4x400 ரிலேவுல இந்தியாவுக்காக ஓடி 3:00.25ன்னு ஆசிய சாதனை நேரம் வந்தப்போ அவருக்கு 30 வயசு, கூட ஓடுன அமோஜ் ஜேக்கப் அவரைவிட ரொம்பச் சின்னப் பையன்.

சரி, உடம்புக்குள்ள என்னதான் நடக்குது? இதயத்துல இருந்து ஆரம்பிக்கலாம். முழு மூச்சா ஓடுறப்போ இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்க முடியும்ங்கிறது வருஷா வருஷம் குறையும், 208ல இருந்து வயசோட 0.7 மடங்கைக் கழிச்சா சராசரி வரும்ங்கிறாங்க, அதாவது 30 வயசுல 187, 60 வயசுல 166. இந்தக் குறைவை மட்டும் எந்தப் பயிற்சியாலயும் நிறுத்த முடியாது, ஆண் பொண்ணு வித்தியாசமும் இதுல பெருசா இல்ல. துடிப்பு குறைஞ்சா ஒரு நிமிஷத்துல தசைக்குப் போற ரத்தம் குறையும், ரத்தம் குறைஞ்சா ஆக்சிஜன் குறையும். உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுதுங்கிற அளவைத்தான் விஓ2 மேக்ஸ்னு சொல்றாங்க, உக்காந்தே இருக்கிறவங்களுக்கு 30 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இது குறையும், விடாம கடுமையா பயிற்சி செய்றவங்களுக்கு அதுல கிட்டத்தட்ட பாதிதான் குறையும். அந்த மீதிப் பாதி வயசால போனது இல்ல, நாமளா விட்டது.

அடுத்தது தசை. தசையில ரெண்டு வகை நார் இருக்கு, மெதுவா ஆனா ரொம்ப நேரம் வேலை செய்றது ஒண்ணு, பட்டுன்னு வேகமா சுருங்கி சீக்கிரம் களைச்சுப் போறது இன்னொண்ணு. வயசானா அடி வாங்குறது பெரும்பாலும் ரெண்டாவது வகைதான், அந்த நாருங்க சிறுத்துப் போகும், அதுங்களுக்கு மூளையில இருந்து சேதி கொண்டுவர்ற நரம்புகளும் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். அதனாலதான் தாக்குப்பிடிக்கிற சக்தியைவிட பலம் சீக்கிரம் குறையும், பலத்தைவிட அந்த வெடிச்சுக் கிளம்புற வேகம் இன்னும் சீக்கிரம் குறையும். எடை தூக்குற விளையாட்டுலயே இது நல்லா தெரியும், ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்குற வெயிட்லிஃப்டிங்ல வயசு ஏற ஏற சரிவு கடுமையா இருக்கு, நிதானமா பலத்தை மட்டும் காட்டுற பவர்லிஃப்டிங்ல அந்த அளவுக்கு இல்ல. வயசான ஸ்பிரிண்டருங்க ஓடுறதை அளந்து பார்த்தா அவங்க கால் மாத்துற வேகம் பெருசா குறையறதில்ல, எட்டு வைக்கிற தூரம்தான் குறையுது, ஒவ்வொரு தடவையும் கால் தரையில கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கு, தரையை உதைச்சுத் தள்ளுற அந்த விசை போயிடுச்சுன்னு அர்த்தம். நம்ம கபடி டீம்லயும் இதைப் பார்க்கலாம், 22 வயசுல பாடப் போய் மூணு பேரைத் தொட்டுட்டு கோட்டைத் தாண்டி வந்தவர் 30ஐத் தாண்டுனதும் கார்னர்ல நின்னு காலைப் பிடிக்கிற ஆளா மாறிடுவார், ஆட்டத்தைப் படிக்கிற அறிவு அப்போதான் முழுசா வந்திருக்கும், ஆனா திரும்பி ஓடி வர்ற அந்த ஒரு நொடி வேகம் கையை விட்டுப் போயிருக்கும். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கல, உடம்பே இடத்தை மாத்திச் சொல்லிடுச்சு.

இதையெல்லாம் படிச்சுட்டு பயப்பட வேண்டாம், ஏன்னா சரிவு ஒரே சீரா இல்ல. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் நீச்சல், அதாவது வயசு வாரியா பிரிச்சுப் பெரியவங்களுக்கு நடத்துற நீச்சல் போட்டி நேரங்களை வச்சு 1997ல வந்த ஒரு ஆய்வுல, 35, 40 வயசு வரைக்கும் உச்ச வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்குன்னும், அதுக்கப்புறம் 70 வயசு வரைக்கும் மெதுவா சீரா இறங்கி, 70க்கு மேலதான் சரசரன்னு சரியுதுன்னும் தெரிஞ்சது. ஓட்டத்துலயும் ஏறக்குறைய இதே கதைதான். கனடாக்காரர் எட் விட்லாக் 2004ல டொராண்டோவுல மாரத்தானை 2:54:48ல முடிச்சப்போ அவருக்கு 73 வயசு. கிப்டமோட நேரத்தோட ஒப்பிட்டா இது 45 சதவீதம் அதிகம், அதாவது அம்பது வருஷ வித்தியாசத்துக்கு 45 சதவீதம். ஆனா 25 வயசுப் பையன் பத்து பேரைக் கூப்பிட்டு தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம் வரைக்கும் ஓடிட்டு வாங்கன்னு சொன்னா, அதுவே 40 கிலோமீட்டர்தான், மாரத்தானைவிடக் கொஞ்சம் கம்மிதான், அந்தப் பத்து பேர்ல எத்தனை பேர் 3 மணி நேரத்துல போய்ச் சேருவாங்க? அந்தத் தாத்தா சேர்ந்திருப்பார்.

வயசு எவ்வளவு, விட்டது எவ்வளவுங்கிறதைப் பிரிச்சுக் காட்டுன பரிசோதனை ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல டல்லாஸ்ல நடந்தது. 1966ல 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் கட்டில்ல படுக்க வச்சு அவங்க உடம்பு எவ்வளவு கெட்டுப்போகுதுன்னு அளந்தாங்க, அதே அஞ்சு பேரை 30 வருஷம் கழிச்சு, அவங்களுக்கு 50 வயசானப்போ திரும்பக் கூப்பிட்டு அளந்தாங்க. ஆக்சிஜனைப் பயன்படுத்துற சக்தியில, 30 வருஷ வயசு செஞ்ச சேதத்தைவிட அந்த மூணு வாரப் படுக்கை செஞ்ச சேதம்தான் பெருசா இருந்தது. அதோட விடல, அவங்களுக்கு ஆறு மாசம் படிப்படியா பயிற்சி குடுத்தாங்க, குடுத்ததும் 20 வயசுல முதல்ல அளந்தப்போ இருந்த அளவுக்குத் திரும்ப வந்துட்டாங்க. அஞ்சு பேரை வச்சுப் பண்ண சின்னப் பரிசோதனைதான், ஆனா முடிவு அவ்வளவு தெளிவு. இன்னொண்ணு 1990ல வந்தது, முதியோர் இல்லத்துல இருந்த சராசரி 90 வயசுக்காரங்க பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி குடுத்தாங்க, பயிற்சியை முடிச்சவங்களோட கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. 90 வயசுல! நம்ம வீட்டுல 60 வயசு அப்பாவை ஒரு தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்க விடாம "நீங்க சும்மா உக்காருங்கப்பா"ன்னு சொல்றோமே, அது அன்புதான், ஆனா அதுல அவரோட தொடைத் தசையும் சேர்ந்து உக்காந்துடுது.

இப்போ பொண்ணுங்க விஷயம், இதைப் பத்தி எழுதணும்னுதான் இந்தக் கட்டுரையையே ஆரம்பிச்சேன். 12 வயசு வரைக்கும் ஓட்டத்துல பையனுக்கும் பொண்ணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, நம்ம ஊரு ஆரம்பப் பள்ளி விளையாட்டு விழாவுல பையனை முந்துற பொண்ணு எப்பவும் ரெண்டு மூணு இருக்கும். அதுக்கப்புறம் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் சுரக்க ஆரம்பிச்சதும் பையனுக்குத் தசை கூடுது, உயரம் கூடுது, ரத்தத்துல ஹீமோகுளோபின் கூடுது, உச்சத்துல இருக்கிற ஆணுக்கும் பொண்ணுக்கும் ஓட்டத்துல 10ல இருந்து 12 சதவீத இடைவெளி வந்துடும். நீளமான நீச்சல்ல இன்னும் கம்மி. இது இயற்கை, இதுல வருத்தப்பட எதுவும் இல்ல. கேள்வி என்னன்னா வயசு ஏற ஏற இந்த இடைவெளி அப்படியே இருக்கா, கூடுதாங்கிறதுதான்.

சாதனைப் பட்டியலைப் பார்த்தா கூடுற மாதிரிதான் தெரியும். வட அயர்லாந்துக்காரர் டாமி ஹியூஸ் 2020ல 60 வயசுல மாரத்தானை 2:30:02ல ஓடினார், ஜப்பான்ல மாரிகோ யுகெட்டா 2021ல 62 வயசுல 2:52:13ல ஓடினாங்க. ஹியூஸோடது கிப்டம் நேரத்தைவிட 24 சதவீதம் அதிகம், யுகெட்டாவோடதை எத்தியோப்பியாவோட டிகிஸ்ட் அசெஃபா 2023ல பெர்லின்ல ஓடுன அப்போதைய பெண்கள் உலக சாதனையான 2:11:53ஓட ஒப்பிட்டா 31 சதவீதம் அதிகம். ரெண்டு வயசு வித்தியாசத்தைக் கழிச்சாலும் பொண்ணுங்க பக்கம் சரிவு கூடத்தான் தெரியுது. பாத்தியா, பொம்பளைங்களுக்கு சீக்கிரம் தளர்ந்துடும்னு இதை வச்சு முடிவு கட்டிடலாம். ஆனா இந்த ரெண்டு பேரோட வாழ்க்கையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஹியூஸ் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்லயே மாரத்தான் ஓடுனவர். யுகெட்டா 24 வயசுல முதல் மாரத்தானை ஓடுனாங்க, பிறகு வேலை, நாலு பிள்ளைங்க, அதுக்கெல்லாம் நடுவுல 3 மணி நேரத்துக்குள்ள ஓடணும்ங்கிற ஆசை மட்டும் அப்படியே இருந்து, அதை முதல் தடவை சாதிச்சது 58 வயசுல, அதைவிட வேகமா ஓடுனது 62ல. இவங்களுக்கு 30 வயசுல உச்சம் என்னவா இருந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அந்த வயசுல அவங்க பிள்ளை வளர்த்துட்டு இருந்தாங்க.

அது அவங்க ஒருத்தர் கதை மட்டும் இல்ல. ஒலிம்பிக்ஸ்ல 1928ல பெண்களுக்கு 800 மீட்டர் வச்சாங்க, முடிவுல சில பேர் களைச்சு விழுந்ததைச் சாக்கா வச்சு அதைத் தூக்கிட்டாங்க, திரும்ப வந்தது 1960லதான். பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல. இன்னைக்கு 70 வயசுல இருக்கிற ஒரு அம்மாவுக்கு அப்போ 30 வயசை நெருங்கியாச்சு. அந்தத் தலைமுறையில போட்டியில இறங்குன பொண்ணுங்களே ஆண்களைவிட ரொம்பக் கம்மி, நூறு பேர்ல இருந்து பொறுக்கியெடுத்த ஒருத்தரையும் பத்தாயிரம் பேர்ல இருந்து பொறுக்கியெடுத்த ஒருத்தரையும் பக்கத்துல நிறுத்தி இடைவெளியை அளந்தா அதுல உடம்பு எவ்வளவு, கூட்டம் எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? முன்னாடி சொன்ன நீச்சல் ஆய்வு இதுக்கு ஒரு நல்ல சாட்சி. அதுல 50 மீட்டர் மாதிரி குறுகின தூரத்துல பொண்ணுங்க சரிவு ஆண்களைவிட அதிகம், தூரம் கூடக் கூட வித்தியாசம் குறைஞ்சுகிட்டே வந்து 1500 மீட்டர்ல வித்தியாசமே இல்லாம போச்சு. அப்போ தாக்குப்பிடிக்கிற சக்தியில பொண்ணுங்க ஒண்ணும் சீக்கிரம் தளர்றதில்ல, வெடிப்பு வேகத்துலதான் கொஞ்சம் கூடுதலா இழக்குறாங்க.

அந்தக் கூடுதல் இழப்புக்கு ஒரு உடல் காரணம் இருக்கு, மாதவிடாய் நிக்கிறது. நம்ம நாட்டுல சராசரியா 46, 47 வயசுல நிக்குது, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சதும் எலும்போட அடர்த்தி வேகமா இறங்கும், தசையோட பலமும் இறங்கும், வயித்தைச் சுத்தி கொழுப்பு சேரும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா பயிற்சிக்கு அப்புறம் உடம்பு தேறுறதும் தாமதமாகும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வருஷக்கணக்குல மெதுவாக் குறையுறதால அவங்களுக்கு இந்த மாதிரி ஒரு படி சறுக்குன உணர்வு வர்றதில்ல. பிள்ளை பெத்துக்கிட்டா விளையாட்டு முடிஞ்சதுங்கிறது மட்டும் உண்மை இல்ல. ஜமைக்காவோட ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் பிள்ளை பெத்த பிறகு 2019ல 100 மீட்டர் உலக சாம்பியன், 2022ல 35 வயசுல 10.67 ஓடித் திரும்பவும் உலக சாம்பியன். மேரி கோம் ஆறாவது உலகப் பட்டம் வாங்குனது 2018ல, 35 வயசுல, மூணு பிள்ளைங்களுக்கு அம்மாவா.

நம்ம ஊர்ல வேற கணக்கு. இங்க பொண்ணோட சரிவு 46ல ஆரம்பிக்கிறதில்ல, 13ல ஆரம்பிக்குது. வயசுக்கு வந்ததும் சாயங்கால கிரவுண்டு நிக்கும், இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரணும், ஷார்ட்ஸ் போட்டா தெருவுல ஒருத்தர் பேசுவாங்க, ஒன்பதாவது பத்தாவது போனதும் பிடி பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்குவாங்க. பொங்கல் விழாவுல பையன்களுக்கு கபடி, சைக்கிள் போட்டின்னு இருக்கும், பொண்ணுங்களுக்கு கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன். அதோட ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் குறைஞ்சா ஆக்சிஜன் தூக்குற வண்டியே குறைஞ்ச மாதிரி, 25 வயசுப் பொண்ணு மாடி ஏறி மூச்சு வாங்குனா அதை வயசு கணக்குல எழுத முடியுமா.

"ஏன், நடவு நடுறதும் களை எடுக்கிறதும் உடற்பயிற்சி இல்லையா"ன்னு கேட்பாங்க, நியாயமான கேள்விதான். திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் 60 வயசைத் தாண்டுன அக்காங்க காலையில வயல்ல இறங்குனா மதியம் வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம நடுவாங்க, அந்தத் தாக்குப்பிடிப்பு சாதாரணமானது இல்ல, அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த வேலை ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓடுற வேலை, மெதுநார்களைத்தான் பழக்கும், இதயத்தை உச்சத் துடிப்புக்குக் கொண்டுபோகாது, வேகநார்களைத் தொடவே தொடாது, முதுகுக்கும் முட்டிக்கும் மட்டும் சுமை கூடும். முன்னெல்லாம் கதிர்க்கட்டைத் தலையில வச்சு வரப்புல ஓட்டமும் நடையுமா களத்துமேட்டுக்குக் கொண்டுவருவாங்க, அதுல பலமும் வேகமும் ரெண்டும் இருந்தது. இப்போ நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்தாச்சு, அந்தக் கஷ்டம் குறைஞ்சது ரொம்ப நல்லது, ஆனா அந்த இடத்துல உடம்புக்கு வேற எதையும் வைக்கல. டவுனுக்குப் போக ஸ்கூட்டி, கோயிலுக்குப் போக ஷேர் ஆட்டோ, சாயங்காலம் சீரியல். 45 வயசுலயே சுகர் மாத்திரையும் முட்டிவலித் தைலமும்.

முட்டின்னதும் ஞாபகம் வருது, "இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சிடும்"னு சொல்றது நம்ம பக்கம் வேதவாக்கு மாதிரி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017ல வந்த கணக்குல, உடம்புக்காக மிதமா ஓடுறவங்கள்ல இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு, ஓடாம உக்காந்தே இருக்கிறவங்கள்ல 10.2 சதவீதம் பேருக்கு. தொழில்முறையா கடுமையா ஓடுறவங்களுக்குத்தான் 13.3. ஏற்கனவே முட்டி கெட்டுப்போனவங்க டாக்டரைக் கேட்டுட்டு இறங்கணும், மத்தவங்களுக்கு இது ஒரு காரணமே இல்ல.

எதைச் செஞ்சா சரிவு குறையும்ங்கிறதுல பெரிய ரகசியம் எதுவும் இல்ல. வாக்கிங் மட்டும் போதாது, ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல், அவ்வளவுதான். வாரத்துக்கு ரெண்டு நாள் பலப்பயிற்சி வேணும், ஜிம் இல்லாத ஊர்ல நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கிறது, படிக்கட்டு ஏறுறது, ரெண்டு கையிலயும் தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு நடக்குறது இதெல்லாமே எடைப்பயிற்சிதான். முதலில் போகிறது வேகநார்ங்கிறதால, உடம்பு பழகுனதும் வாரத்துல ஒரு நாளாவது கொஞ்ச தூரம் மூச்சு வாங்குற அளவுக்கு வேகமா ஓடணும், முடியாதவங்க ஆத்துக்கரை மேட்டுல வேகமா ஏறலாம். வயசான தசை புரதத்தை இளம் தசை மாதிரி சுலபமா எடுத்துக்காது, அதனால வயசானவங்களுக்கு உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 1ல இருந்து 1.2 கிராம் புரதம் தேவைன்னு சொல்றாங்க, 60 கிலோ ஆளுக்கு 60ல இருந்து 72 கிராம். மூணு வேளையும் சோறு, அது மேல சாம்பாரு, ரசம், மோருன்னு சாப்பிட்டா அந்தக் கணக்கு வராது, ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு, 100 கிராம் மீன்ல சுமார் 20 கிராம், சைவக்காரங்க சுண்டல், பயறு, தயிரு, பன்னீர்னு கூட்டிக்கணும். இன்னொண்ணு வெயில். வயசானா வேர்வை சுரக்குறது குறையும், தாகம் எடுக்குற உணர்வும் மந்தமாகும், நம்ம சித்திரை வைகாசிப் புழுக்கத்துல காலையில 6 மணிக்கு முன்னாடி முடிச்சுக்கிறதுதான் நல்லது, தாகம் எடுக்கலன்னாலும் தண்ணி குடிக்கணும்.

40க்கு மேல புதுசா ஆரம்பிக்கிறவங்க பிரஷர், சுகர், ஈசிஜி மூணையும் ஒரு தடவை பார்த்துட்டு இறங்குங்க, ஓடுறப்போ நெஞ்சு அடைச்சாலோ தலை சுத்துனாலோ அதை வயசுன்னு ஒதுக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

விளையாடுறதுக்கு இடம்தான் அடுத்த பிரச்சனை. முதலமைச்சர் கோப்பை வந்தது ரொம்ப சந்தோஷமான விஷயம், கிராமத்துப் பிள்ளைங்க நிறைய பேருக்கு அது முதல் மேடை. ஆனா அதுல பொதுமக்கள் பிரிவு 15 வயசுல இருந்து 35 வயசு வரைக்கும்தான். மாஸ்டர்ஸ் தடகளம்ங்கிறது உலகம் முழுக்க 35லதான் ஆரம்பிக்குது, அஞ்சு அஞ்சு வயசாப் பிரிச்சு 100 வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் பிரிவு இருக்கு, 1975ல டொராண்டோவுல தொடங்குன உலகப் போட்டி இன்னைக்கும் நடந்துட்டு இருக்கு. 2022ல ஃபின்லாந்துல டாம்பரேவுல நடந்ததுல ஹரியானா பக்கத்துப் பாட்டி பகவானி தேவி 94 வயசுல 100 மீட்டரை 24.74 செகண்டுல ஓடித் தங்கம் வாங்குனாங்க. பஞ்சாபோட மன் கவுர் பாட்டி ஓட ஆரம்பிச்சதே 93 வயசுல, 2017ல ஆக்லாந்துல 101 வயசுல 100 மீட்டரை 74 செகண்டுல முடிச்சாங்க. தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியத்துல காலையில நடக்க வர்ற அம்மாங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அதே டிராக்குல வருஷத்துக்கு ஒரு தடவை 40 வயசுப் பிரிவு, 50 வயசுப் பிரிவு, 60 வயசுப் பிரிவுன்னு மாவட்ட அளவுல ஒரு 100 மீட்டரும் ஒரு 800 மீட்டரும் பொண்ணுங்களுக்குத் தனியா வச்சு, நேரத்தை எழுதி வச்சுகிட்டே வந்தா, பத்து வருஷத்துல டெல்டாப் பொண்ணுங்களோட சரிவுக்கோடு எப்படி இருக்குன்னு நம்மகிட்டயே கணக்கு இருக்கும். இதுக்கு வேணும்ங்கிறது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, நாலு பிடி டீச்சருங்க.